யார் முதலில்? ஹெல்சின்கியிலிருந்து தார்த்து வரை ஐந்து நாட்கள்

முதல் நாள்: ஹெல்சின்கி

தங்கை வீடு ஹெல்சின்கியை ஒட்டிய எஸ்போவில். "அக்கா, போயும் போயும் நவம்பர்லயா பின்லாந்து பார்க்க வருவாங்க?" என்று ஏர்போர்ட்டிலேயே கேட்டுவிட்டாள். மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஆனால் எனக்கு வேண்டியது நவம்பர்தான். குளிர் தொடங்கும்போதுதான் இந்த ஊர்கள் எப்படிச் சூடாகின்றன என்று பார்க்க முடியும்.

ஏன் இந்த ஆசை என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் எங்கள் ஃப்ளாட் அசோசியேஷனுக்கு நான்கு வருடம் செயலாளராக இருந்தேன். மொட்டைமாடியில் சோலார் போட 36 வீடுகளைச் சம்மதிக்க வைக்க இரண்டு வருடம் அலைந்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பக்கத்து பில்டிங்ல போடட்டும், எப்படி இருக்குன்னு பார்த்துட்டு நாமளும் போடலாம்" என்றார்கள். பக்கத்து பில்டிங்கிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் திட்டம் அப்படியே நின்றுபோனது. அதிலிருந்து, முதல் ஆளாக இறங்கத் துணிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள், அந்தத் துணிச்சலுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று தேடிப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அப்படிப் படித்ததில் கிடைத்ததுதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் மிஷன் நகரங்கள். 2022 ஏப்ரலில் ஒன்றியத்துக்குள்ளிருந்து 100 நகரங்களையும் வெளியிலிருந்து 12 நகரங்களையும் தேர்ந்தெடுத்தார்கள். 2030க்குள் கார்பன் நடுநிலையை, அதாவது வெளிவிடும் கார்பனும் உறிஞ்சப்படும் கார்பனும் சமமாகும் நிலையை, எட்ட வேண்டும் என்பது இலக்கு. மறு வருடம் 53 நகரங்களுக்கு, சோதித்துப் பார்ப்பதற்கென்றே 3.2 கோடி யூரோ ஒதுக்கினார்கள். ஒரு திட்டத்துக்கு 5 லட்சம் முதல் 15 லட்சம் யூரோ வரை. ஒரு நகரத்தை மாற்ற இது எந்த மூலைக்கு? ஒரு தெருவின் கட்டடங்களைச் சீர்செய்யக்கூட ஆகாது. மாற்றத்தின் மொத்தச் செலவுக்கும் இந்தப் பணத்துக்கும் சம்பந்தமில்லை. 'செய்து பார்ப்போம்' என்று ஒருவர் எழுந்து நிற்பதற்கான செலவு இது. நான் போகப்போகும் பின்லாந்தின் ஹெல்சின்கி, லஹ்தி, கடலுக்கு அக்கரையில் எஸ்தோனியாவின் தார்த்து, மூன்றுமே மிஷன் நகரங்கள். மூன்றுமே அதற்கு முன்பே இந்த மாதிரிச் சோதனைப் பணத்தில் பழகியவை.

காலையில் மெட்ரோ பிடித்து கலாசதாமாவில் இறங்கினேன். பழைய துறைமுகம். பெயருக்கே மீன் துறைமுகம் என்றுதான் பொருள். இப்போது வரிசையாகப் புது அடுக்குமாடிகள். முற்றங்களில் ஆள் உயரத்துக்குக் குப்பைத் தூண்கள் நிற்கின்றன, ஒவ்வொரு வகைக் குப்பைக்கும் ஒரு வாய். ஸ்கூல் பையோடு வந்த ஒரு பையன் கதவைத் திறந்து பையைப் போட்டுவிட்டுக் காதை வைத்துக் கேட்டான். நானும் போய்க் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. பை உடனே போவதில்லையாம். கீழே காத்திருந்து, சேர்ந்ததும் காற்று மொத்தமாக இழுத்துக்கொண்டு போகிறது. குப்பை லாரி உள்ளே வருவதே இல்லை.

இந்தப் பேட்டையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் கண்ணுக்குத் தெரியாதது. சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 8,000 யூரோ வரை கொடுத்து, 'ஆறு மாதம் இங்கே குடியிருப்பவர்களோடு சேர்ந்து உங்கள் யோசனையைச் செய்து பாருங்கள்' என்று நகராட்சி சொன்னது. பலித்தால் நல்லது. பலிக்காவிட்டால் என்ன கற்றோம் என்று எழுதிக் கொடுத்தால் போதும். எங்கள் ஊரில் ஒரு டெண்டர் தோற்றால் யார் தலை உருளும் என்று யோசித்துக்கொண்டே கடற்கரையில் நடந்தேன்.

அந்தக் கரையோரம்தான் ஹனசாரி அனல் மின் நிலையம். பல பத்தாண்டுகள் கடலை ஒட்டி நிலக்கரி மலைபோலக் குவிந்து கிடந்த இடம். 2023 ஏப்ரல் 1 அன்று நிறுத்தினார்கள். இன்னொரு நிலையமான சல்மிசாரியில் 2025 ஏப்ரல் 1 அன்று நிலக்கரியை விட்டார்கள். ஐந்தாறு வருடத்துக்கு முன்புகூட ஹெல்சின்கியின் சூட்டில் பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்து வந்தது. அதற்கு மாற்று கேட்டு 2020இல் நகரம் 10 லட்சம் யூரோ பரிசுப் போட்டி வைத்தது. அது ஒன்றியத்தின் பணம் அல்ல, நகரத்தின் சொந்தப் பணம். உலகம் முழுக்கவிருந்து யோசனைகள் வந்தன.

இந்த ஊரில் வீட்டுக்கு வீடு பாய்லர் கிடையாது. எங்கோ ஓரிடத்தில் தண்ணீரைச் சூடாக்கி, பூமிக்கடியில் குழாய் வழியே அநேகமாக எல்லாக் கட்டடங்களுக்கும் அனுப்புகிறார்கள். பின்னிஷ் மொழியில் 'கௌகோலாம்போ'. தூரத்துச் சூடு என்று பொருள். எவ்வளவு அழகான சொல்! இந்த ஏற்பாடு இருப்பதால்தான் ஓரிடத்தில் எரிபொருளை மாற்றினால் ஊர் முழுக்க மாறிவிடுகிறது.

மாலையில் சோர்னைனனில் கத்ரி வாலா பூங்காவுக்குப் போனேன். கவிஞர் ஒருவரின் பெயர். மேலே புல்லும் மரமும், ஒரு நாயும் அதன் பின்னால் ஒரு பாட்டியும். பாறைக்கு அடியில் ராட்சத ஹீட் பம்புகள். சுத்திகரித்த கழிவுநீரில் மிச்சமிருக்கும் சூட்டை உறிஞ்சி ஊருக்கு அனுப்புகின்றன. குளிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் வடிகாலில் விட்ட சூடு, சுற்றி மறுபடி வீட்டுக்கே வருகிறது. 2006இலிருந்து இயங்குகிறது. பத்து நிமிடம் அங்கேயே நின்றேன். காலுக்கடியில் இருப்பதை நினைத்தால் மனசுக்கு இதமாக இருந்தது.

இரண்டாம் நாள்: லஹ்தி

ஹெல்சின்கியிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். மக்கள்தொகை சுமார் 1,20,000. ஸ்டேஷனிலிருந்து பார்த்தாலே ஸ்கீ என்னும் பனிச்சறுக்குப் பலகையில் பாய்ந்து தாண்டும் மூன்று மேடைகள் ஊருக்கு மேலே நிற்பது தெரிகிறது. கோடையில் அதன் அடிவாரத்தில் நீச்சல்குளம். இப்போது மூடிக்கிடந்தது.

இந்த ஊரைத் தேடி வந்தது ஒரு மொபைல் ஆப்புக்காக. சிட்டிகேப் என்று பெயர். ஒன்றியத்தின் 'நகர்ப்புறப் புதுமை நடவடிக்கைகள்' என்ற நிதியிலிருந்து பணம் வந்தது. அதுவரை யாரும் செய்து பார்க்காத யோசனையா என்பதுதான் அந்த நிதியின் முக்கியமான நிபந்தனை. ஒரு திட்டத்துக்கு 50 லட்சம் யூரோ வரை, செலவில் 80 சதவீதம் அவர்கள் ஏற்பார்கள். மீதியை நகரம் போட வேண்டும். இப்படி 86 திட்டங்கள் நடந்தன.

லஹ்தி சோதித்தது இது. ஊர்க்காரர்கள் விரும்பினால் போனில் ஆப்பைப் போட்டுக்கொள்ளலாம். நடக்கிறாயா, சைக்கிளா, பஸ்ஸா, காரா என்று அதுவே கண்டுபிடிக்கும். வாரத்துக்கு இவ்வளவு கார்பன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பட்ஜெட். எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. குழந்தைகள் இருக்கிறார்களா, வேலை எவ்வளவு தூரத்தில், உடம்புக்கு முடியுமா என்று பார்த்து வைத்தார்கள். பட்ஜெட்டுக்குள் முடித்தால் மிச்சத்துக்கு மெய்நிகர் யூரோ கிடைக்கும். அதைக் கொடுத்து பஸ் டிக்கெட் வாங்கலாம், நீச்சல்குளத்துக்குப் போகலாம், காபியும் கேக்கும் சாப்பிடலாம். மீறினால் கைக்காசு போகாது.

மெய்யாகவே நல்ல யோசனை. ஆனால் நேரம் பார்த்து 2020 வந்தது. ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த வருடத்தில், பயணம் குறைந்தது ஆப்பாலா, தொற்றாலா என்று எப்படிப் பிரிப்பது? அதே வருடம் சோதனையும் முடிந்தது. இன்று அந்த ஆப்பு இல்லை.

அப்போ அந்தப் பணம் வீண்தானே என்று தங்கை கணவர் ராத்திரி போனில் கேட்டார். இல்லை மாப்பிள்ளை என்றேன். தனி மனிதர் தலைக்குக் கார்பன் பங்கீடு என்று பொருளாதார அறிஞர்கள் காகிதத்தில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அதை ஒரு உண்மையான ஊரில், உண்மையான மனிதர்களிடம், சுயவிருப்பத்தோடு செய்து பார்த்தது லஹ்தி. போனை வைத்தே எப்படிப் பயணிக்கிறோம் என்று அளக்கலாம், பட்ஜெட்டை நியாயமாகப் பிரிக்கப் பார்க்கலாம் என்றெல்லாம் இப்போது அடுத்த ஊருக்குத் தெரியும். சோதனைக்குக் கொடுத்த பணத்துக்கு அதுதான் விளைச்சல். ஜெயித்ததை மட்டும் கணக்கில் எடுத்தால் யாரும் எதையும் சோதிக்கவே மாட்டார்கள். இதில் எனக்கு மாப்பிள்ளையோடு சமரசமே கிடையாது.

ஆப்பு போனாலும் பாதை இருக்கிறது. அதே திட்டத்தில் ரயில் நிலையத்திலிருந்து தெற்கே அபிலகாத்து வழியாக சுமார் இரண்டரை கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை போட்டார்கள். அகலமானது, வீதியிலிருந்து நன்றாகப் பிரித்தது. நான் முழுக்க நடந்தேன். இரண்டு டிகிரி குளிர், தூறல் வேறு. எதிரே பெட்டிச் சைக்கிளில் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு அப்பா வந்தார். பிள்ளைகளுக்கு மேல் பிளாஸ்டிக் கூரை. உள்ளிருந்த ஒன்று என்னைப் பார்த்துக் கண்ணாடி ஷீட்டில் மூக்கை அழுத்திக்கொண்டே போனது.

இன்னொரு சோதனையும் இந்த ஊருடையது. 2021இல் சைக்கிள் பகிர்வதுபோல ஊருக்குள் ஸ்கீ பலகைகளைப் பகிர்ந்துகொள்ள வைத்தார்கள். பனி விழும் ஊருக்குப் பொருத்தமான வண்டி எது என்று அவர்களே யோசித்தது. உள்ளூர்த் தீர்வு என்றால் இதைத்தான் சொல்வேன்.

லஹ்தி நிலக்கரியை 2019இலேயே விட்டுவிட்டது. கீமியார்வி நிலையத்தில் இப்போது மரக்கழிவும் தரம்பிரித்த குப்பையும் எரிகிறது. மரம் எரிப்பதை முடிந்த முடிவாக நான் நினைக்கவில்லை, காடு வளரும் வேகம் என்று ஒன்று இருக்கிறது. ஆனாலும் பெரிய அடி. ஒருகாலத்தில் அழுக்கில் பாசி படர்ந்து கிடந்த வெசியார்வி ஏரியை மீட்டெடுத்த ஊர் இது. ஒருமுறை ஜெயித்த ஊருக்கு அடுத்ததைத் தொடத் தைரியம் வரும்.

மூன்றாம் நாள்: கப்பல், தாலின்

இன்று பெரும்பாலும் பயணம்தான். ஹெல்சின்கியிலிருந்து எஸ்தோனியத் தலைநகர் தாலினுக்குக் கப்பலில் இரண்டு மணி நேரம். கடல் ஈயம்போல இருந்தது. தங்கை கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை ஜன்னலோரம் சாப்பிட்டேன்.

தாலின் 2013இலிருந்து அந்நகர வாசிகளுக்கு பஸ், டிராம் எல்லாம் இலவசமாக்கிய ஊர். ஏழைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் கார்கள் எதிர்பார்த்த மாதிரி குறையவில்லை. டிராமில் நிற்கும்போதே பக்கத்தில் ஊரும் கார் வரிசையைப் பார்த்தேன். இலவசம் மட்டும் போதாது என்று உலகத்துக்குத் தெரிந்தது இவர்கள் முதலில் செய்ததால்தான்.

மாலை ஆரஞ்சு நிற ரயிலில் ஏறி, இரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்து தார்த்து வந்து சேர்ந்தேன். தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது. மீதி நாளைக்கு.

நான்காம் நாள்: தார்த்து

இந்தப் பயணத்தின் காரணமே தார்த்துதான். 1632இல் தொடங்கிய பல்கலைக்கழகம், எமாயொகி ஆறு, நகர மன்றச் சதுக்கத்தில் குடைக்குள் முத்தமிடும் மாணவர்கள் சிலை, எல்லாம் நன்றாக இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டேன். மீதி நாள் முழுக்க அடுக்குமாடிகளைப் பார்த்தேன்.

சோவியத் காலத்தில், குருஷ்சேவ் ஆட்சியில், வீடில்லாதவர்களுக்கு அவசர அவசரமாகக் கட்டியவை. ஐந்து மாடிக்கு மேல் போகாது, லிஃப்ட் கிடையாது, சமையலறையில் இரண்டு பேர் நின்றால் இடிக்கும். குருஷ்சோவ்கா என்றே பெயர். எரிபொருள் மலிவாகக் கிடைத்த காலம் என்பதால் சூடு வீணாவதை யாரும் யோசிக்கவில்லை. சதுர மீட்டருக்கு வருடத்துக்கு 270 கிலோவாட் மணி ஆற்றலைத் தின்னும் கட்டடங்கள்.

2016இல் ஸ்மார்ட்என்சிட்டி என்ற திட்டம் தொடங்கியது. ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதி, ஹொரைசன் 2020. ஸ்பெயினின் விட்டோரியா-காஸ்தெய்ஸ், டென்மார்க்கின் சோனர்போர்க், இந்தத் தார்த்து, மூன்றும் முன்னோடி நகரங்கள். நகர் மையத்தை ஒட்டிய பழைய குருஷ்சோவ்காக்களை 270இலிருந்து 90க்கு இறக்குவது தார்த்துவின் இலக்கு. 'கொஞ்சம் சுண்ணாம்பு அடித்து ஜன்னல் மாற்றுவோம்' என்ற கதை இல்லை. மூன்றில் ஒரு பங்காக்க வேண்டும். மாற்றி முடித்த கட்டடத்துக்கு ஸ்மார்ட்டோவ்கா என்று பெயர் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் வாயில் அது சட்டென்று ஒட்டிக்கொண்டது.

இங்கேதான் என் கதை வருகிறது. எஸ்தோனியா விடுதலையான பிறகு அநேகமாக எல்லா ஃப்ளாட்டும் குடியிருந்தவர்களுக்கே சொந்தமாகிவிட்டது. நகராட்சி நினைத்தால் ஒரு செங்கலைக்கூடத் தொட முடியாது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு அசோசியேஷன், 'கோர்த்தெரியூஹிஸ்து'. பொதுக்குழு கூட்டி ஓட்டுப் போட வேண்டும். அதில் ஓய்வூதியம் வாங்கும் பாட்டிகள், வாடகைக்கு விட்டுவிட்டு எங்கோ இருக்கும் சொந்தக்காரர்கள், 'நான் இன்னும் எத்தனை வருஷம் இருக்கப்போறேன், எனக்கெதற்குக் கடன்' என்பவர்கள். படிக்கும்போதே எனக்கு எங்கள் கமிட்டி மீட்டிங் கண்முன் வந்தது.

நான் வாடகைக்கு அறை எடுத்திருப்பது அப்படியொரு ஸ்மார்ட்டோவ்காவில். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். பள்ளியில் வேதியியல் டீச்சராக இருந்தவர், ஆங்கிலம் நிதானமாக நன்றாகப் பேசுகிறார். சாயங்காலம் கறுப்பு ரொட்டியும் சூப்பும் வைத்தார். நான் அசோசியேஷன் செயலாளராக இருந்தேன் என்றதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் கமிட்டியில் இருந்தவராம்! அப்புறம் இரண்டு மணி நேரம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

மூன்று கூட்டம் நடந்ததாம். முதல் கூட்டத்தில் சண்டை. இரண்டாவதில் கணக்கு. எல்லோருக்கும் தாளில் அச்சடித்துக் கொடுத்தார்களாம்: இப்போது சூட்டுக்கு மாதம் என்ன கட்டுகிறோம், மாற்றினால் என்ன குறையும், கடனுக்கு மாதம் எவ்வளவு போகும். அரசு மானியம் ஒரு பங்கு, ஐரோப்பியப் பணம் ஒரு பங்கு, மீதிக்கு அசோசியேஷன் பெயரில் நீண்ட காலக் கடன். மேல் மாடிக்காரர் கணக்கைப் பார்த்தும் நம்பவில்லையாம். இதுவரை யார் வீட்டில் இப்படி நடந்திருக்கிறது, காட்டுங்கள் என்றாராம். காட்ட ஒரு வீடும் இல்லை, இவர்கள்தான் முதல் சிலரில் ஒருவர். அந்த ஐரோப்பியப் பங்கு இல்லாவிட்டால் ஓட்டு ஒருநாளும் ஜெயித்திருக்காது என்று அந்த அம்மா உறுதியாகச் சொன்னார். பணத்தின் அளவுக்காக இல்லையாம். தோற்றால் நாம் தனியாக நிற்கமாட்டோம் என்று மேல் மாடிக்காரருக்குத் தோன்றியதுதான் காரணமாம்.

எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் 36 வீட்டுக்கும் இல்லாமல் போனது அது ஒன்றுதான்.

பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஜன்னல் திண்டில் என் முழங்கை வரை வைத்துக் காட்டச் சொன்னார். பழைய சுவருக்கு மேல் போர்த்திய காப்புப் பட்டையின் கனம் சேர்ந்து, ஜன்னல் திண்டு அவ்வளவு ஆழமாகியிருக்கிறது. அந்த ஆழத்தில் வரிசையாகச் செடித்தொட்டிகள், ஒரு ஜெரேனியம் நவம்பரிலும் பூத்திருந்தது. மூன்று அடுக்குக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன், குளிரவில்லை. கூரை ஓரத்தில் சின்ன வட்ட மூடி. அதன் வழியே புதுக்காற்று வருகிறது, வெளியே போகும் அழுக்குக் காற்று தன் சூட்டை இதற்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. மொட்டைமாடியில் சோலார். முன்பெல்லாம் குளிர்காலத்தில் மூலையில் கறுப்புப் பூஞ்சை படருமாம், வருடா வருடம் துடைப்பாராம். இப்போது அந்த மூலையில் ஒரு வாசிப்பு நாற்காலி.

குறை இல்லாமல் இல்லை. வேலை நடந்த மாதங்கள் நரகம் என்றார். வீட்டுக்குள் ஆட்கள், தூசி, துளைபோடும் சத்தம். காற்றுக் கருவியின் முனகல் ராத்திரியில் பழக ஒரு வருடம் ஆனதாம். சுவரில் பொருத்திக் கொடுத்த டேப்லெட்டில் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று பார்க்கலாம், அவர் பார்ப்பதே இல்லை. உடம்புக்குச் சூடு தெரிகிறது, அது போதும் என்கிறார்.

இங்கேயும் சூடு குழாயில்தான் வருகிறது. எஸ்தோனிய மொழியில் 'கௌக்கூத்தெ'. அதற்கும் தூரத்துச் சூடு என்றுதான் பொருள். கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் ஒரே சொல்.

ஐந்தாம் நாள்: தார்த்து, கிளம்பும் காலை

ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. திட்டத்தில் மாறிய மற்றக் கட்டடங்களைத் தேடி நடந்தேன். கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. பக்கச் சுவரில் தரையிலிருந்து கூரை வரை ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். சாம்பல் வானத்துக்கு எதிரே அந்த வண்ணம் தூரத்திலேயே கூப்பிடுகிறது. ஒரே அச்சில் வார்த்த கட்டடங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, 'அந்த ஓவியம் இருக்கே, அந்த வீடு' என்று தம் வீட்டைச் சொல்ல முடிவது சின்ன விஷயம் இல்லை. சூட்டைச் சேமிக்கும் திட்டத்தில் ஓவியத்துக்கும் இடம் வைத்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

ஒரு ஓவியக் கட்டடத்துக்கு நேர் எதிரே, முற்றத்தின் மறுபக்கம், இன்னும் மாறாத குருஷ்சோவ்கா ஒன்று. வெளியே பூஜ்யம் டிகிரி, மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் அகலத் திறந்திருந்தது. பழைய குழாய் அமைப்பில் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒரு வீட்டில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்பார்கள், இன்னொரு வீட்டில் வியர்த்து ஜன்னலைத் திறப்பார்கள். திறந்த ஜன்னலின் மேல் விளிம்பில் காற்று நெளிவது தெரிந்தது. காசு போட்டு வாங்கிய சூடு, அப்படியே வானத்துக்கு.

வாசல் கதவில் உள்பக்கமாக, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கையால் எழுதிய தேதி, கீழே அச்சில் சில வரிகள். போனில் மொழிபெயர்ப்பைப் பிடித்துப் பார்த்தேன். பொதுக்குழு அடுத்த புதன் மாலை ஆறு மணிக்கு. இரண்டாவது பொருள்: கட்டடச் சீரமைப்பு, விலைப்புள்ளி கேட்பது பற்றி.

படித்துக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு ஒரு பெரியவர் வந்தார். கையில் காலி பாட்டில்கள் நிறைந்த பை. நான் தாளைக் காட்டி, பிறகு எதிரே ஓவியக் கட்டடத்தைக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. எதிர்க் கட்டடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அகட்டிச் சுவர் எவ்வளவு கனம் என்று எனக்குக் காட்டினார்.